தரங்கம்பாடியும் கிரீன்லாந்தும்

ஆசிரியருக்கு, வணக்கம்.

உங்கள் இதழில் வந்த தரங்கம்பாடி பற்றிய கட்டுரை நன்று. மதபோதகர் சீகன்பால்குவை இங்கே அனுப்பிய அதே டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக்கின் ஆதரவோடு, 1721இல் ஒரு குடும்பம் பனிதேசமான கிரீன்லாந்துக்குக் கப்பலேறியது. மதபோதகர் ஹான்ஸ் எகெதே, மனைவி கெர்த்ரூட் ராஸ்க், நான்கு பிள்ளைகள்.

ரொட்டியே அறியாத மக்களுக்கு அன்றாட அப்பம் (ரொட்டி) கேட்கும் கிறிஸ்தவ ஜெபத்தை எப்படிச் சொல்லித் தருவது? ஹான்ஸ் அப்பத்தைக் கடல்நாய் இறைச்சியாக மாற்றினாராம், அப்படி ஒரு கதை உண்டு. (நம் தமிழ் ஜெபத்திலும் 'ஆகாரம்'தானே!) மகன் பவுல் அங்குள்ள பிள்ளைகளோடு விளையாடியே மொழியைப் பிடித்துக்கொண்டான். அப்பா பிரசங்கம் செய்ய, பையன் வரைந்த பைபிள் படங்கள் கைகொடுத்தன. பிற்பாடு 1766இல் புதிய ஏற்பாட்டை கிரீன்லாந்து மொழியில் வெளியிட்டதும் இந்தப் பவுல்தான்.

எனக்கு கெர்த்ரூட்தான் பெரியவர். கூட வந்தவர்கள் மூட்டை கட்டியபோது இவர் அசையவில்லை. 1733இல் கோபன்ஹேகனிலிருந்து ஊர் திரும்பிய ஒரு கிரீன்லாந்துப் பையனோடு பெரியம்மையும் வந்து இறங்கியது. நோயாளிகளைத் தன் வீட்டிலேயே கிடத்திப் பார்த்துக்கொண்டார். உடல் ஓய்ந்து 1735இல் இறந்தார். மறு ஆண்டு அவர் உடலோடுதான் ஹான்ஸ் டென்மார்க் திரும்பினார்.

சரி, எல்லோருக்கும் ஹான்ஸ் புனிதரல்ல. உள்ளூர் மந்திரவாதிகளிடம் கடுமையாக நடந்துகொண்டவர். 2020இல் கிரீன்லாந்தின் தலைநகர் நூக்கில் அவர் சிலைமீது சிவப்புச் சாயம் ஊற்றினார்கள். ஆனால் வாக்கெடுப்பில் சிலை இருக்கட்டும் என்றே பெரும்பாலோர் சொன்னார்கள். கெர்த்ரூட்டைப் பற்றியும் ஒரு கட்டுரை போடுங்களேன்.

- ஒரு வாசகர், மயிலாடுதுறை