பிரமாண் எண் வந்தால் மட்டும் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

ஓய்வூதியர்கள் உயிருடன் இருப்பதைக் காட்ட ஆண்டுதோறும், பெரும்பாலும் நவம்பருக்குள், தரும் உயிர்வாழ் சான்று 2014 நவம்பரில் மத்திய அரசின் 'ஜீவன் பிரமாண்' மூலம் இணையத்துக்கு வந்தது. ஆனாலும் கைரேகைக் கருவி உள்ள இடத்தைத் தேடித்தான் போக வேண்டியிருந்தது. வயதானவர்களுக்கு விரல் ரேகை தேய்ந்திருக்கும், கருவி ஏற்காது. 2021 இறுதியில் முகத்தைப் படம்பிடித்துச் சான்று எடுக்கும் வசதி வந்த பிறகே இது வீட்டிலிருந்தபடி முடியும் வேலையானது. இவ்வளவு நல்ல ஏற்பாட்டில், சான்று எடுத்த பிறகும் சிலருக்கு டிசம்பரில் பென்ஷன் நின்றுபோகிறதே, அது ஏன் என்பதை விளக்கவே இக்கடிதம்.

பிளே ஸ்டோரிலிருந்து ஜீவன் பிரமாண், முகத்தைச் சரிபார்க்கும் ஆதார் ஃபேஸ் ஆர்டி என்ற இரண்டு செயலிகளும் வேண்டும். போன் ஓரளவு புதிய ஆண்ட்ராய்டாக, நல்ல கேமராவுடன் இருக்க வேண்டும். செயலி முதலில் கேட்பது 'ஆபரேட்டர்' முகத்தை. பலர் குழம்புவது இங்கேதான். மகன் தன் போனில் அப்பாவுக்கு எடுத்துக் கொடுத்தால் ஆபரேட்டர் மகன். அவருடைய ஆதாரும் முகமும் ஒருமுறை பதிவானால் போதும், அதே போனில் அம்மா, அத்தை, பக்கத்து வீட்டுப் பெரியவர் என்று எத்தனை பேருக்கும் எடுக்கலாம். ஓய்வூதியரே தனக்குத் தானே ஆபரேட்டராகவும் இருக்கலாம். படம் எடுக்கும்போது ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காராமல், வெளிச்சம் முகத்தில் விழும்படி உட்கார வேண்டும். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, செயலி சொல்லும்போது கண்ணை இமைக்க வேண்டும்.

முகம் பொருந்தியதும் சான்றின் அடையாள எண்ணான பிரமாண் எண் வந்துவிடும். எல்லோரும் வேலை முடிந்தது என்று நினைப்பது அப்போதுதான். அந்த எண், ஆதாரில் உள்ளவர் இவர்தான் என்பதற்கு மட்டுமே அத்தாட்சி. பிபிஓ எண் (பென்ஷன் வழங்கல் ஆணையின் எண்), கணக்கு எண், பென்ஷன் அனுமதித்த துறை, வழங்கும் அமைப்பு ஆகியவற்றில் நாம் தவறாக எதை நிரப்பினாலும் செயலி பெரும்பாலும் தடுக்காது. சான்று வழங்கும் அமைப்பிடம் போய்ச் சேர்ந்த பிறகே ஒத்துப் பார்க்கிறார்கள், பொருந்தாவிட்டால் நிராகரிப்பு.

அதிகம் அடிபடுபவர்கள் முன்னாள் படைவீரர்கள். பென்ஷன் பாதுகாப்புத் துறையின் 'ஸ்பர்ஷ்' இணைய முறைக்கு மாறியவர்கள், வழங்கும் அமைப்பாக ஸ்பர்ஷைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். பணம் விழுவது வங்கிக் கணக்கில் என்பதால் பழக்கத்தில் வங்கியைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். சொந்தப் பென்ஷனும் கணவரின் குடும்பப் பென்ஷனும் வாங்கும் பெண்கள், பிபிஓ ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே சான்று எடுக்க வேண்டும். ஒன்றோடு நிறுத்தினால் மற்றொன்று நின்றுவிடும். மறுமணம் செய்தவர்களுக்கும் மறுபடி வேலையில் சேர்ந்தவர்களுக்கும் இந்த முறை செல்லாது. அவர்கள் காகிதச் சான்றுதான் கொடுக்க வேண்டும்.

நவம்பர்க் கெடுவும் எல்லோருக்கும் பொதுவல்ல. மத்திய அரசு ஓய்வூதியர்களில் 80 வயது நிறைந்தவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். வருங்கால வைப்பு நிதி அமைப்பின் இபிஎஸ் திட்டப் பென்ஷன்காரர்கள் எந்த மாதத்திலும் கொடுக்கலாம், அன்றிலிருந்து ஓராண்டு செல்லும். அவர்களும் நவம்பரில் போய் வரிசையில் நிற்பது வீண். மாநில அரசு ஓய்வூதியர்கள் உயிருடன் இருப்பதைச் சரிபார்க்கும் நேர்காணலின் காலம் வேறு.

இதைச் சீராக்கப் பெரிய செலவு வேண்டாம். பாஸ்புக்கின் முதல் பக்கத்தில், செயலியின் பட்டியலில் உள்ள அதே பெயர்களில் அனுமதித்த துறையையும் வழங்கும் அமைப்பையும், கூடவே பிபிஓ எண்ணையும் வங்கிகள் அச்சிட்டுக் கொடுக்கலாம். நிராகரித்தால் காரணத்தைத் தமிழில் குறுஞ்செய்தியாக அனுப்பலாம். இப்போதோ நிலவரம் அறிய ஓய்வூதியர்தான் தேடிப் போக வேண்டும். ஸ்டேட் வங்கி 'பென்ஷன் சேவா' தளத்தில் இதைப் பார்க்க வசதி வைத்திருக்கிறது. மற்ற வங்கிகளும் செய்யலாமே.

அதுவரை, சான்றைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாமல் நவம்பர் முதல் வாரத்திலேயே எடுத்து, பத்து நாள் கழித்து வங்கியில் கேட்டு உறுதிசெய்துகொள்வது நல்லது. தவறு இருந்தால் திருத்தி மறுபடி எடுக்க நேரம் இருக்கும். போன் வசதி இல்லாதவர்கள் தபால்காரரை வீட்டுக்கே வரவழைக்கலாம். இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கியின் இச்சேவைக்குப் பொதுவாகக் கட்டணம் 70 ரூபாய். அவரிடமும் பிபிஓ விவரத்தை வாயால் சொல்லாமல் தாளைக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்,
மன்னார்குடி.