குறுக்கு வகிடு எடுத்த அக்காவுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

நெற்றி எலும்பு மேடாக வளரும் ஃபைப்ரஸ் டிஸ்பிளேசியாவுக்கு ஆபரேஷன் முடிந்து, மகள் நேற்று வீட்டுக்கு வந்துவிட்டாள். நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும், திரும்பச் சொல்லப்போவதில்லை. முதல் நன்றி புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரி வார்டில் வேலை பார்க்கும் ஓர் அக்காவுக்கு.

ஆபரேஷனுக்கு முந்தின நாள்தான் எங்களுக்கு விவரம் புரிந்தது. முகத்தில் தழும்பு விழக் கூடாது என்று நெற்றியில் கத்தி வைக்க மாட்டார்களாம். முடிக்குள்ளே இந்தக் காதிலிருந்து அந்தக் காது வரை கீறி, தோலை முன்பக்கம் இறக்கிவிட்டுத்தான் எலும்பைச் சீவுவார்களாம். மொட்டைதான் என்று நினைத்து மகள் அழ ஆரம்பித்தாள். 17 வயது. புருவத்துக்கு மேலே இருந்த மேட்டை இத்தனை வருஷமாக அந்த முடியை இழுத்துவிட்டுத்தானே மறைத்தாள்! "முடிதானே, வளர்ந்துடும்" என்று எல்லோரும் சொன்னோம். நானும் சொன்னேன். அந்த அக்கா மட்டும் சொல்லவில்லை. டாக்டரிடம் போய், "எவ்வளவு அகலம் வேணும் சார்?" என்று கேட்டுக்கொண்டு வந்தார். ஒரு விரல் அகலம் போதுமாம்.

டியூட்டி முடிந்து கிளம்ப வேண்டியவர், சிஸ்டரிடம் சொல்லிவிட்டு அவளைத் தலைக்குக் குளிக்க வைத்தார். ஈரம் காய்வதற்குள் சீப்பின் நுனியால் காதுக்குக் காது ஒரு குறுக்கு வகிடு. முன்னால் 7, பின்னால் 8 சின்னச் சின்ன ஜடை, இறுக்கமாக, ஒவ்வொன்றின் நுனியிலும் ரப்பர் பேண்ட். "நடுவுல இருக்கிறத மட்டும்தான் மழிப்பாங்க கண்ணு" என்று கண்ணாடியைப் பிடித்துக் காட்டினார். அன்று ராத்திரி அவள் தூங்கினாள்.

ஆபரேஷன் முடிந்து இரண்டு நாள் கண் வீங்கித் திறக்கவே முடியவில்லை. கட்டுக்குப் பின்னால் கையை விட்டுத் தடவிப் பார்த்து, "இருக்கும்மா" என்றாள். எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

வளர்ச்சி அடங்கட்டும் என்று பொறுமையாகக் காத்திருந்து செய்த டாக்டர்கள், மயக்க மருந்து டாக்டர், ரத்தம் கொடுத்த தேவனாம்பட்டினம் தம்பிகள், பாடம் எழுதி அனுப்பிய தோழிகள், எங்கள் மாட்டைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு அண்ணி, எல்லோருக்கும் நன்றி.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். ஃபைப்ரஸ் டிஸ்பிளேசியா கேன்சர் இல்லை, தொற்றாது, பரம்பரையாகவும் வராது. கரு உண்டான பிறகு ஒரு மரபணுவில் தானாக நேர்ந்த மாற்றம்; அதனால் எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் நார்த் திசு வளர்கிறது. கிரகணத்தில் வெளியே போனேனா என்று இனி யாரும் என்னைக் கேட்க வேண்டாம். திரும்ப வளரலாம், கண் நரம்பையும் கவனிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். பரிசோதனைக்குத் தவறாமல் கூட்டிப்போவேன்.

அப்புறம், அவளுக்கு மொட்டை போடுவதாகத் திருவந்திபுரம் பெருமாளிடம் வேண்டியிருந்தேன், அவளைக் கேட்காமலே. அந்த வேண்டுதலை என் தலைக்கு மாற்றிக்கொண்டேன். அவளுக்குத் தையல் பிரித்ததும் வருகிற சனிக்கிழமையே போகிறேன்.