புல் வெட்டும் மெஷினில் கார்டைக் கழற்றாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழைக்குப் பிறகு சாலையோரப் புதர்களை வெட்டும் பணி பற்றி உங்கள் நாளிதழில் செய்தி வந்திருந்தது. செய்தியில் குறை ஒன்றும் இல்லை. கூடவே போட்டிருந்த படத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். பிரஷ் கட்டர் எனும் புல் வெட்டும் மெஷினைப் பிடித்திருப்பவர் காலில் ரப்பர் செருப்பு. கண்ணுக்குப் பாதுகாப்பாக எதுவும் இல்லை. மெஷினில் பிளேடுக்கும் ஆளுக்கும் நடுவே இருக்கவேண்டிய பிளாஸ்டிக் தடுப்பையும், அதாவது கார்டையும், காணோம். இரண்டடி தள்ளி ஒரு பெண் குனிந்து, வெட்டிய புல்லை அள்ளிக்கொண்டிருக்கிறார். பொள்ளாச்சிப் பக்கம் இந்த மெஷின்களைப் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறேன். அதனால் இதெல்லாம்தான் முதலில் கண்ணில் பட்டது.

முன்பெல்லாம் எஸ்டேட்டுகளில் மட்டும் பார்த்த மெஷின் இது. தோப்பில் களையெடுக்க ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பாகிவிட்டதால் இப்போது இரண்டு ஏக்கர்காரர் முதல் ஊராட்சி வரை எல்லோரிடமும் இருக்கிறது. வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40 சதவீதம் என மானியமும் உண்டு. வாங்குவது நல்லதுதான். ஓட்டச் சொல்லித் தருவது யார்? கடைக்காரர் பெட்டியைப் பிரித்து, கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்து காட்டுவார். பெட்ரோலில் டூ-டி ஆயில் எவ்வளவு கலக்க வேண்டும் என்பார். அத்தோடு சரி. பெட்டியில் வந்த கண்ணாடி பெட்டியிலேயே கிடக்கும். கார்டு ஒரு வாரத்தில் மோட்டார் ரூம் பரணுக்குப் போய்விடும்.

ஏன் கழற்றினீர்கள் என்று கேட்டால் இரண்டு காரணம் சொல்வார்கள். ஈரப்புல் அடைத்துக்கொள்கிறது என்பது ஒன்று. அது உண்மைதான். அவ்வப்போது எஞ்சினை அணைத்து, பிளேடு நின்றதும் ஒரு குச்சியால் தட்டிவிட்டால் தீர்ந்தது. இன்னொன்று நைலான் கயிறு போட்டு வெட்டுகிறவர்கள் சொல்வது. கார்டு இல்லாவிட்டால் கயிற்றை நீளமாக விட்டு அகலமாக வெட்டலாமாம். கார்டின் ஓரத்தில் சின்னதாக ஒரு கத்தி இருப்பதே கயிறு அளவுக்கு மேல் நீண்டால் நறுக்குவதற்காகத்தான். நீளக் கயிற்றைச் சுற்ற எஞ்சின் திணறும், வேகம் இறங்கும், கிளட்ச் வழுக்கிச் சூடேறும். கிளட்ச் ஷூ தேய்ந்து, டிரம் நீலம் பாய்ந்துபோய் என்னிடம் வரும் மெஷின்களில் பாதிக்கு மேல் கார்டு இருக்காது. எனக்கு அதில் வருமானம்தான். ஆனாலும் சொல்ல வேண்டும் அல்லவா?

இதைவிட மோசம், கம்பி மாட்டுவது. நைலான் சீக்கிரம் தேய்கிறது என்று, கயிறு மாட்டிச் சுற்றும் அதே தலையில் கட்டுக்கம்பியையோ பழைய கேபிளையோ மாட்டிவிடுகிறார்கள். அப்படி வந்த ஒரு மெஷினின் தலையைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே பைக் கிளட்ச் கேபிள். ஒரு பக்கம் ஒரு சாண் நீளம் இருந்தது. மறுபக்கம் நான்கு விரற்கடைகூட இல்லை. அறுந்த முனையில் இழைகள் துடைப்பம்போல விரிந்திருந்தன. மீதித் துண்டு எங்கே என்று கேட்டேன். "எங்கியோ தோப்புக்குள்ள போயிருக்குமுங்க" என்றார் கொண்டுவந்தவர், சாதாரணமாக.

அது என்ன வேகத்தில் போயிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நிமிடத்துக்கு 7,000 சுற்று, 25 சென்டிமீட்டர் விட்டம் என்று வைத்துக்கொண்டாலே பிளேடின் முனை மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. கம்பி நீண்டால் வேகம் இன்னும் கூடும். பிரிட்டனில் பிரஷ் கட்டரில் மாட்டிய சங்கிலித் தலையிலிருந்து ஒரு கண்ணி தெறித்து உயிர் போனது. அதையடுத்து, இரும்புத் துண்டுகளைக் கோத்துச் செய்த இந்த மாதிரித் தலைகளை விற்கக் கூடாது என்று 2012-இல் ஐரோப்பிய ஒன்றியம் தடை போட்டது. நம் ஊரில் அவை ஆன்லைனில் கிடைக்கின்றன, வீடு தேடி வருகின்றன.

எதிரில் யாரும் இல்லாவிட்டால் போதும் என்று நினைப்பதும் தவறு. கல்லும் உடைந்த பாட்டிலும் எந்தப் பக்கமும் தெறிக்கும். சாலையோரப் புல்லுக்குள் எத்தனை குவார்ட்டர் பாட்டில் கிடக்கும் என்பதைச் சொல்லவே வேண்டாம். வெட்டும் இடத்தைச் சுற்றி 15 மீட்டருக்குள் வேறு ஆள் இருக்கக் கூடாது என்பது மெஷினோடு வரும் புத்தகத்திலேயே இருக்கும். தென்னைக்குத் தென்னை 25 அடி விட்ட தோப்பில் அது இரண்டு மர இடைவெளி. மாட்டுக்குப் புல் அள்ள வருகிறவர்கள் ஒரு பகுதி வெட்டி முடிந்து மெஷின் அணைந்த பிறகு வரட்டும். ஓட்டுகிறவரைப் பின்னாலிருந்து தோளைத் தொட்டுக் கூப்பிடுவது நம் ஆட்களுக்குப் பெரும் பழக்கம். சத்தத்தில் அவருக்குக் காது கேட்காது. திடுக்கிட்டுத் திரும்பினால் பிளேடும் சேர்ந்து திரும்பும். முன்பக்கமாக, தூரத்தில் நின்று கையைக் காட்டுவதுதான் சரி.

இரும்பு பிளேடு போட்டு வெட்டுகிறவர்கள் ஒன்றை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். ஓட்டுகிறவர் நின்று பார்க்கும்போது பிளேடு இடஞ்சுழியாகச் சுற்றும். அதைக் கடிகார முகமாக நினைத்துக்கொண்டால் 12-க்கும் 2-க்கும் நடுவில் உள்ள பகுதி அடிக்கட்டையிலோ கல்லிலோ பட்டால் மெஷின் வலப்பக்கமாக உதைத்துத் தள்ளும். பிடித்திருப்பவர் நிலைதடுமாறிவிடுவார். 8-க்கும் 11-க்கும் இடைப்பட்ட பகுதியால், வலமிருந்து இடமாக வீசி வெட்டினால் இந்தத் தொல்லை குறையும். தோள்பட்டையில் பெல்ட் மாட்டியிருந்தால் மெஷின் உதைத்தாலும் பிளேடு அவ்வளவு எளிதில் கால்வரை வராது. பெல்ட் இல்லாமல் கையிலேயே தூக்கிப் பிடித்து வெட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் பிளேடு சில நொடி ஓடும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். ஐடிலில், அதாவது ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் எஞ்சின் மட்டும் ஓடும்போது, பிளேடு நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால் செட்டிங் தவறு என்று அர்த்தம். அப்படியே வேலையை ஓட்டாமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

கண்ணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கூலிங் கிளாஸ் போட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். ஓரத்திலிருந்து வரும் தூசியை அது தடுக்காது. மூடிய கண்ணாடி போட்டால் வியர்வையில் பனிபடிந்துவிடுகிறது என்று நெற்றிக்கு ஏற்றிக்கொள்வார்கள். இந்தக் குறையும் நியாயமானதுதான். முகத்துக்கு முன்னால் வலை போட்ட தடுப்பு வருகிறது, அதில் பனிபடியாது. அதன் உள்ளே காற்றுத் துளையுள்ள கண்ணாடியும் போட்டுக்கொண்டால் பெரிய கல், சின்னத் தூசி இரண்டுக்கும் தடுப்பாகிவிடும்.

கண்ணில் கல் பட்டால்தான் ஆபத்து என்பதில்லை. புல் துணுக்கு கீறினாலே போதும். தென்னிந்தியாவில் கருவிழிப் புண்ணோடு வருகிறவர்களில் பெரும் பகுதியினருக்குப் பூஞ்சைதான் காரணம். அதிலும் ஃபியூசேரியம் என்ற பூஞ்சை முன்னால் நிற்கிறது. செடி, தழை, மண் கண்ணில் பட்டு வருவதுதான் இதில் அதிகம். முதல் நாள் லேசான உறுத்தல் மட்டும் இருக்கும். வீட்டில் தாய்ப்பால் விடுவார்கள், விளக்கெண்ணெய் விடுவார்கள். அப்புறம் மெடிக்கல் கடையில் ஏதாவது சொட்டு மருந்து வாங்குவார்கள். அதில் ஸ்டீராய்டு இருந்துவிட்டால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். ஒன்றும் விடாமல், கசக்காமல், அன்றைக்கே கண் டாக்டரிடம் போய்விடுவதுதான் வழி.

சட்டம் இல்லாமலும் இல்லை. கதிரடிக்கும் இயந்திரங்களில் கை போன கொடுமைகளுக்குப் பிறகு 1983-இல் ஆபத்தான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. விவசாயத்தில் பயன்படும் மற்ற இயந்திரங்களையும் அறிவிக்கை மூலம் இதில் சேர்க்க மத்திய அரசுக்கு அதிகாரம் இருக்கிறது. பிரஷ் கட்டர் இவ்வளவு பரவிய பிறகு அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தக் கேட்பது பெரிய கோரிக்கை இல்லை. அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். மானிய மெஷினைக் கொடுக்கும் அன்று அரைமணி நேரம் கார்டு, பெல்ட், கண்ணாடி எல்லாம் மாட்டி ஓட்டிக் காட்டச் சொல்லலாம். வாடகைக்கு விடுகிறவர்கள் கண்ணாடியும் பூட்ஸும் சேர்த்தே கொடுக்கட்டும். மெஷின் விலையோடு பார்த்தால் அந்தச் செலவு ஒன்றுமே இல்லை.

உள்ளாட்சி வேலைகளில் மட்டும் ஒரு சிக்கல் இருக்கிறது. அங்கே மெஷின் ஒப்பந்தக்காரருடையது, கண் கூலிக்காரருடையது. கார்டு இல்லாமல் ஓட்டச் சொன்னால் மறுக்கும் நிலையில் அவர் இருக்க மாட்டார். அதனால் கார்டும் கண்ணாடியும் இல்லாத மெஷினுக்கு அன்றைய பில் கிடையாது என்று டெண்டரிலேயே எழுதிவிட வேண்டும். எங்கள் பகுதி ஊராட்சிகளுக்கு இதை மனுவாகவும் கொடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பட்டறைக்காரர் ஒருவர்,
பொள்ளாச்சி வட்டம்.