கைக்கு ஏற்ற துப்பாக்கி

குன்னூர்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. ஹூஸ்டனில் உன் கடைக் கதவை மறுபடியும் உடைத்திருக்கிறார்கள் என்று படித்ததிலிருந்து எனக்கும் வீட்டில் இவளுக்கும் உன் நினைப்புதான். யாருக்கும் அடிபடவில்லை என்று எழுதியிருந்த வரியை இவள் இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

"ராணுவத்தில் துப்பாக்கியோடு வாழ்ந்தவன் நீ, எந்தப் பாலிமர் பிஸ்டல் வாங்கலாம் என்று ஒரு பெயரைச் சொல், வாங்கிவிடுகிறேன்" என்று கேட்டிருக்கிறாய். கண்ணை மூடிக்கொண்டு ஒரு கம்பெனி பெயரைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நல்ல கம்பெனிகள் பல இருக்கின்றன. அவற்றில் எது உன்னுடையது என்பதை உன் கை அளவுதான் முடிவு செய்யும். ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் என்.சி.சி.யில் நாம் .22 ரைபிள் சுட்டது ஞாபகம் இருக்கிறதா? கட்டை உனக்கு நீளமாக இருந்தது. கழுத்தை நீட்டி, தோளை முன்னே தள்ளித்தான் உன்னால் குறி பார்க்க முடிந்தது. பயிற்சி கொடுத்த உஸ்தாத் உன் கண்ணைக் குறை சொன்னார். கண்ணில் ஒரு குறையும் இல்லை, அளவுதான் பொருந்தவில்லை. கைத்துப்பாக்கியிலும் இதே கதைதான் நடக்கும், இன்னும் கூடுதலாக நடக்கும். ஏனென்றால் தோளின் உதவி அங்கே கிடையாது.

முதலில் பாலிமர் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். பிடியும் அடிச்சட்டமும்தான் முக்கியமாகப் பிளாஸ்டிக். அதுவும் நைலான் வகையைச் சேர்ந்த உறுதியான பிளாஸ்டிக். மேலே முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடு, குழல், உள்ளே இருக்கும் தண்டவாளத் தகடுகள், ஸ்பிரிங் எல்லாம் எஃகு. 1970இலேயே ஜெர்மனியின் ஹெக்லர் அண்ட் கோக் கம்பெனி இப்படி ஒன்றைச் செய்தது. ஆனால் உலகத்தை மாற்றியது ஆஸ்திரியாவின் காஸ்டன் கிளாக். அதற்கு முன் அவர் திரைச்சீலைக் கம்பியும் ராணுவத்துக்குக் கத்தியும் செய்துகொண்டிருந்தவர். துப்பாக்கியே செய்ததில்லை. அவருடைய கிளாக் 17ஐ 1982இல் ஆஸ்திரிய ராணுவம் எடுத்துக்கொண்டது. பழைய வழக்கம் எதுவும் தெரியாதவராக இருந்ததால்தான் அவரால் அப்படிப் புதிதாக யோசிக்க முடிந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சர்வீஸில் பெரும்பாலும் என் இடுப்பில் இருந்தது நம் இஷாப்பூர் ஃபேக்டரியில் செய்த 9 எம்.எம். 1ஏ பிஸ்டல். பழைய பிரவுனிங் பிஸ்டலின் வழி வந்த, முழுக்க எஃகுத் துப்பாக்கி. காலியாகவே ஏறக்குறைய 900 கிராம் இருக்கும். கிளாக் 17 காலியாக 630 கிராம்தான். கடைசி ஆண்டுகளில் சிறப்புப் படையினரோடு ஒரு பயிற்சியில் அதைச் சுடக் கிடைத்தபோது எடையை விடவும் வேறொன்றுதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. வெலிங்டனில் ஜனவரி மாதத்து உறைபனிக் காலையில் எஃகுப் பிடியைத் தொட்டால் விரல் மரத்துவிடும். பாலிமர் அப்படிக் குளிரை ஏற்றிக்கொள்வதில்லை. ஐப்பசி, கார்த்திகை மஞ்சுமூட்டத்தில் தோல் உறைக்குள் வைத்த துப்பாக்கி ஈரத்தைக் குடித்துத் துருப்பிடிக்கும். அதற்காக நாங்கள் எண்ணெய்த் துணியோடுதான் குடியிருந்தோம். உன் ஊரில் குளிர் இல்லாவிட்டாலும் புழுக்கமும் வியர்வையும் இருக்கிறதே. பிடி துருப்பிடிக்காது. ஆனால் ஸ்லைடும் குழலும் ஸ்பிரிங்கும் எஃகுதான், அவற்றுக்கு எண்ணெய் போட மறக்காதே.

விமான நிலையத்துக் கருவியில் இது தெரியாதாமே என்று தங்கச்சி கேட்டதாக எழுதியிருக்கிறாய். இல்லை என்று சொல். மேலே சொன்ன எஃகே போதும், பளிச்சென்று தெரியும். அப்படித் தெரியாத துப்பாக்கியைச் செய்யவே கூடாது என்று உங்கள் நாட்டில் 1988இலேயே சட்டம் போட்டுவிட்டார்கள்.

சரி, கைக்கு வருவோம். துப்பாக்கிக் கடையில் அதைக் கையில் வாங்கியதும் முதலில் மேகசினை, அதாவது தோட்டா அடுக்கும் கூட்டை, கழற்று. அப்புறம் ஸ்லைடை இழுத்து, உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணால் பார், விரலாலும் தொட்டுப் பார். இந்த வரிசை மாறக் கூடாது. மேகசின் உள்ளே இருக்கும்போது ஸ்லைடை இழுத்தால் அடுத்த தோட்டா ஏறி உட்கார்ந்துவிடும். கடைக்காரர் பார்த்துத்தான் கொடுத்தார் என்றாலும் நீயும் பார்.

இப்போது பிடி. கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள பள்ளம், பிடியின் பின்பக்கம் எவ்வளவு மேலே போகுமோ அவ்வளவு மேலே ஏறி இடைவெளியின்றி உட்கார வேண்டும். குழல் உன் முன்கை எலும்போடு ஒரே கோட்டில் நிற்க வேண்டும். அந்த நிலையில் கையை நகர்த்தாமல் ஆட்காட்டி விரலை டிரிகர் மேல் வை. விரலின் முதல் கணுவின் நடுச்சதை டிரிகரில் படிந்தால் அது உன் அளவு. நுனி மட்டும்தான் எட்டுகிறது என்றால் பிடி உனக்குப் பெரிது. எட்டுவதற்காக உன்னை அறியாமலே கையைச் சுற்றிப் பிடிப்பாய். அப்புறம் சுடும்போது வரும் உதைப்பு முன்கைக்குப் போகாமல் கட்டைவிரல் மூட்டில் போய் இடிக்கும். உனக்குத்தான் அந்த மூட்டில் ஏற்கெனவே வலி இருக்கிறதே. குண்டும் இடப்பக்கம் விலகப் பார்க்கும். உள்ளங்கை அகலமாகவும் விரல் குட்டையாகவும் இருப்பவர்களுக்கு இதுதான் பெரிய தொல்லை. உன் கை அந்த வகை. கிளாக் 17ஐக் கையில் எடுத்தபோது செங்கல்லைப் பிடித்ததுபோல் இருந்தது என்று எழுதியிருக்கிறாயே, அதற்கும் இதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

இன்னொன்று பிடியின் சாய்வு. கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, காலித் துப்பாக்கியைச் சுவரில் ஆளில்லாத பக்கம் நீட்டு. நீட்டும்போது கண்ணை மூடிக்கொள். அப்புறம் திறந்து பார். குறி பார்க்கும் முன் சைட் பின் சைட்டின் பள்ளத்துக்கு நேராக நின்றால் அந்தச் சாய்வு உன் மணிக்கட்டுக்கு இயல்பானது. வானத்தைப் பார்த்தால் சாய்வு உனக்கு அதிகம். கிளாக்கின் பிடி கொஞ்சம் கூடுதலாகச் சாய்ந்தது. பழைய எஃகுத் துப்பாக்கி பழகிய எனக்கு அது மூக்கைத் தூக்கிக்கொண்டுதான் நின்றது. எதுவும் பழகாத உனக்கு அது சரியாகவே அமையலாம்.

இங்கேதான் பாலிமரின் உண்மையான லாபம் இருக்கிறது. எஃகுப் பிடியைக் கைக்கு ஏற்றபடி மாற்ற வேண்டுமென்றால் பக்கக் கட்டையை மாற்றலாம், அதற்கு மேல் பெரும்பாலும் ஒன்றும் முடியாது. பாலிமரில் பிடியின் பின்பக்கத் துண்டையே கழற்றி வேறு அளவு போடலாம். கிளாக்கில் 2010இல் வந்த நான்காம் தலைமுறையிலிருந்து இந்த வசதி இருக்கிறது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் எம் அண்ட் பி 2.0 நான்கு அளவுத் துண்டுகளோடு வருகிறது. ஹெக்லர் அண்ட் கோக்கின் வி.பி.9இல் பக்கவாட்டுத் துண்டுகளையும் தனித்தனியாக மாற்றலாம். சிக் பி320 இன்னும் ஒரு படி மேலே போய்விட்டது: டிரிகர் இயக்கம் முழுவதும் ஒரு உலோகப் பெட்டியில் தனியாக வருகிறது, வரிசை எண்ணும் அதில்தான். பிடிச்சட்டத்தைச் சிறிது, நடுத்தரம், பெரிது என்று தனியாக வாங்கி மாட்டிக்கொள்ளலாம். ஆகவே ஒரு துப்பாக்கியை வேண்டாம் என்று தள்ளுவதற்கு முன், சிறிய துண்டைப் போட்டுக் காட்டச் சொல். கிளாக்கே பிடித்திருந்தால் 43எக்ஸ் பார். தோட்டா பத்துதான் கொள்ளும், ஆனால் பிடி ஒல்லி. இவற்றில் எம் அண்ட் பி உன் கைக்கு ஒத்து வரும் என்று எனக்குத் தோன்றுகிறது. முதலில் அதை எடுத்துப் பார்.

தங்கச்சிக்கு ஒரு குட்டித் துப்பாக்கி தனியாக வாங்கிக் கொடுக்கலாம் என்று எழுதியிருக்கிறாய். இதில் மட்டும் நான் பிடிவாதமாக இருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம். சிறியது என்றால் சுலபம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். அதே தோட்டாவை எடை குறைந்த துப்பாக்கி சுட்டால் உதைப்பு கையில் அதிகமாகத்தான் தெரியும். பிடி குட்டையாக இருந்தால் சுண்டுவிரலுக்கு இடம் இருக்காது. ஸ்லைடு சிறியதானால் அதை அடக்க ஸ்பிரிங் கடினமாக இருக்கும், இழுக்கவே சிரமப்படுவாள். இரண்டு தடவை சுட்டுக் கை வலித்தால் மூன்றாம் தடவை தொட மாட்டாள். பழகாதவர் கையில் இருக்கும் துப்பாக்கியால் அவருக்கே ஆபத்து. அவளுக்கு வேண்டுமென்றால் நடுத்தர அளவில், ஸ்லைடு லேசாக இழுபடுவதாகப் பார். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 2018இல் இதற்காகவே ஷீல்டு ஈ.இசட். என்று ஒன்று, .380 தோட்டாவுக்கு, கொண்டுவந்தது. மூட்டு வலி உள்ள உனக்கும் அது ஆகும்.

கட்டைவிரலால் தள்ளிப் பூட்டும் சேஃப்டி வேண்டுமா வேண்டாமா என்பது அவரவர் மனசு. கிளாக்கில் அது கிடையாது. டிரிகரின் நடுவிலுள்ள சின்ன நெம்புகோலும் உள்ளே இரண்டு தடுப்புகளும்தான். 1ஏயோடு வாழ்ந்த என் கட்டைவிரல் இன்றும் அந்தச் சேஃப்டியைத் தேடும். எம் அண்ட் பியில் சேஃப்டி உள்ளதும் கிடைக்கும், இல்லாததும் கிடைக்கும். எதை எடுத்தாலும், சுடுவது என்று முடிவு செய்யும் வரை விரல் டிரிகர் வளையத்துக்கு வெளியே, சட்டத்தின் மேல் நீட்டி இருக்கட்டும்.

எல்லாம் பார்த்த பிறகும் உடனே வாங்காதே. உங்கள் ஊரில் சுட்டுப் பழகும் ரேஞ்சுகளில் துப்பாக்கியை வாடகைக்குக் கொடுத்துச் சுட விடுகிறார்களே, பிடித்ததில் இரண்டு மூன்றை அங்கே சுட்டுப் பார். கடை மேசையில் இனிமையாக இருக்கும் பிடி, ஐம்பது ரவுண்டுக்குப் பிறகு உள்ளங்கையை உரித்துவிடலாம். பிடியின் சொரசொரப்பு வியர்த்த கைக்கு நல்லது, ஆனால் எல்லாத் தோலும் அதைத் தாங்காது.

பேரப் பிள்ளைகள் விடுமுறைக்கு வருகிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். துப்பாக்கி வாங்கும் அன்றே பூட்டுப் பெட்டியும் வாங்கு. 17 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் கைக்கு எட்டுகிற மாதிரி தோட்டா போட்ட துப்பாக்கியை விட்டுவைப்பது டெக்சாஸில் குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் நீ செய்வாய் என்று தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன். கடையில் ஒன்று, வீட்டில் ஒன்று என்று ஆரம்பிக்காதே. ஒன்றையே நன்றாகப் பழகு. கடையில் திருடன் வந்து பணத்தைக் கேட்டால் கொடுத்துவிடு, மாப்ளே. பணத்துக்காக நீ அதை எடுக்க வேண்டாம்.

இங்கே நிலைமை வேறு. 9 எம்.எம். நம் ஊரில் தனியாருக்குத் தடை செய்த ரகம். எஸ்டேட்காரர்கள் கையில் இருப்பது கான்பூரில் செய்த .32 ரிவால்வர் போன்றவைதான். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான், லைசென்ஸ் ஐந்து வருஷத்துக்கு. தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். கோத்தகிரி பக்கம் கரடிக்குப் பயந்து துப்பாக்கி லைசென்ஸ் கேட்டு ஒருவர் என்னிடம் யோசனை கேட்டார். வாசல் விளக்கை மாற்றி, குப்பையை மூடி வைக்கச் சொன்னேன். காட்டுமாடுகள் இப்போது எங்கள் தெருவுக்கே வந்து தேயிலைச் செடிக்கு நடுவில் நிற்கின்றன. நாம்தான் ஒதுங்கிப் போகிறோம்.

உன் அப்பா வேலை பார்த்த அருவங்காடு வெடிமருந்து ஃபேக்டரியைப் பற்றிக் கேட்டிருந்தாய். 2021 அக்டோபரில் ஃபேக்டரிகளையெல்லாம் கம்பெனிகளாகப் பிரித்தார்களே, அதில் அது மியூனிஷன்ஸ் இந்தியாவின் கீழ் போய்விட்டது. பச்சைத் தேயிலை விலை நீ போன முறை வந்தபோது இருந்த புலம்பலாகவே இருக்கிறது. மழையில் மண் சரிந்தால் மலை ரயில் நிற்பதும் அப்படியே.

ரேஞ்சுக்குப் போய்விட்டு வந்ததும், டிரிகரில் விரல் எங்கே படிந்தது, கட்டைவிரல் மூட்டு வலித்ததா என்பதை மட்டும் எழுது. முடிந்தால் பிடித்த நிலையில் பக்கவாட்டில் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. பார்த்துவிட்டு எந்த அளவுத் துண்டு போடுவது என்று சொல்கிறேன். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு.

உன் பழைய பெஞ்சுக்காரன்