ககன்யான் ஏவுதளத்தில் ஓவியருக்கும் ஓர் இடம் வேண்டும்

இஸ்ரோ தலைவர் முனைவர் வி. நாராயணன் அவர்களுக்கு,

வணக்கம். அல்சூரில் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுக்கும் பெங்களூருத் தமிழன் நான். தாங்கள் குமரி மாவட்டத்துக்காரர் என்பதால் தமிழிலேயே எழுதுகிறேன். உங்கள் அலுவலகத்தில் மற்றவர்களுக்குப் படித்துச் சொல்ல ஆளுக்குப் பஞ்சம் இருக்காது என்பதும் தெரியும்.

கோரிக்கை இதுதான்: இந்தியா மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் ககன்யானில் வீரர்கள் புறப்படும் நாளில், புகைப்படக்காரர்களோடு நாலைந்து ஓவியர்களையும் ஸ்ரீஹரிகோட்டாவுக்குள் விடுங்கள். அதற்கு முன்பே, இங்கே பெங்களூரில் நடக்கும் வீரர்களின் பயிற்சியையும் ஓரமாக உட்கார்ந்து வரைய அனுமதியுங்கள்.

கேமரா இருக்கையில் தூரிகை எதற்கு என்று கேட்கலாம். கேமராவுக்குக் குறைவில்லாத நாசாவே 1962இல் ஓவியர்களுக்கென்று ஒரு திட்டம் தொடங்கியது. 1969 ஜூலை 16 காலை, நிலவுக்குப் புறப்படவிருந்த அப்பல்லோ 11 வீரர்கள் விண்வெளி உடை அணிந்துகொண்டிருந்தபோது, பால் கேல் என்ற ஓவியர் பேனாவும் தாளுமாகப் பக்கத்தில் இருந்தார். அன்று அவர்களைக் கூட இருந்து வரைந்தவர் அவர் ஒருவர்தான்.

கேமரா போகவே முடியாத இடங்களும் உண்டு. நம் ஆதித்யா எல்-1 விண்கலம் பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நின்று சூரியனைப் பார்க்கிறது. அதை அங்கே எதிரில் நின்று படமெடுக்க யார் இருக்கிறார்கள்? பிரான்சின் வானியற்பியலாளர் ழான்-பியர் லூமினே 1979இல் கணினி கொடுத்த எண்களை வைத்துக்கொண்டு, கருந்துளையைக் கையால் புள்ளி புள்ளியாக வரைந்தார். கருந்துளையின் முதல் படம் நமக்குக் கிடைத்தது 2019இல்தான்.

ஆனால் கற்பனை என்ற பெயரில் எதையும் வரையலாம் என்று நான் சொல்லவில்லை. சந்திரயான்-3 இறங்கியதைக் கொண்டாடி வந்த படங்கள் பலவற்றில் பூமி உச்சிவானில் தொங்கியது, லேண்டரின் காலடியில் குட்டை நிழல், பின்னால் வானம் நிறைய நட்சத்திரம். இறங்கிய இடமோ நிலவின் தென்துருவப் பக்கம், தெற்கு அட்சரேகை ஏறத்தாழ 69 பாகையில் இருக்கிறது. அங்கே பூமி அடிவானத்துக்குச் சற்று மேலேதான் தெரியும். சூரியனும் தாழவே நிற்பதால், நண்பகலிலும் நிழல் பொருளின் உயரத்தைப் போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு நீளும். வெயில் பட்ட தரையின் வெளிச்சத்துக்கு ஏற்ப எடுத்த படத்தில் நட்சத்திரம் விழாது. இதை ஒரு விஞ்ஞானி பத்து நிமிடம் சொல்லியிருந்தால் அந்தப் படங்கள் இன்னும் அழகாக இருந்திருக்கும். நீண்ட நிழலைவிட ஓவியனுக்கு வேறென்ன வேண்டும்!

பெரிய கைகளுக்கும் இது நேர்ந்ததுதான். அமெரிக்காவின் செஸ்லி போன்ஸ்டெல் நிலவு மலைகளைக் கூரான ஊசிகளாக வரைந்தார், உலகமே நம்பியது. அவருக்கு முன்பே பிரான்சின் லூசியன் ருடோ அவற்றை மழுங்கிய குன்றுகளாகத்தான் வரைந்திருந்தார். ருடோ வானியலாளரும்கூட, தொலைநோக்கியில் நிலவின் விளிம்பைப் பார்த்துப் பார்த்து வரைந்தவர். அப்பல்லோ போனபோது ருடோ வரைந்ததே சரி என்றாயிற்று. எனவே உள்ளே விடுகிற ஒவ்வோர் ஓவியரோடும் கேள்வி கேட்டால் எரிச்சல்படாத ஒரு பொறியாளரைச் சேர்த்துவிடுங்கள்.

இன்னொன்று. நீங்கள் வெளியிடும் வரைபடங்களிலும் அசைவூட்டங்களிலும் ‘ஓவியரின் கற்பனை’ என்ற குறிப்பும் வரைந்தவர் பெயரும் படத்துக்குள்ளேயே இருக்கட்டும். அடியில் போட்டால் வாட்ஸ்அப்பில் முதலில் வெட்டுப்படுவது அதுதான். என் வகுப்புப் பிள்ளைகள் ‘இது போட்டோவா சார்?’ என்று கேட்காத வாரமில்லை.

வரைந்தவை சேர்ந்ததும் ஜனவரியில் குமாரகிருபா சாலையில் நடக்கும் சித்திரச் சந்தையில் வைக்கலாம். நேரு கோளரங்கம் பக்கத்திலேயே இருக்கிறது, அங்கேயும் வைக்கலாம். செலவு என்று பெரிதாக ஒன்றும் வராது. பாதுகாப்புச் சோதனைக்கு எத்தனை மணிக்கு வரச் சொன்னாலும் வருவோம். நுழைவுச் சீட்டும், மடக்கு நாற்காலி போட நிழலான ஓர் ஓரமும் தந்தால் போதும்.

இப்படிக்கு,
அல்சூர் ஓவிய ஆசிரியன்
பெங்களூரு