காற்றுக்கு ஒரு ராடு: கோரிலிருந்து கடிதம்

கோர், நியூசிலாந்து
நவம்பர் 16

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

நலம், நலமறிய ஆவல். நீங்கள் ஆடியில் போட்ட கடிதம் கைக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. உடனே பதில் போடாதது என் தப்புதான். இங்கே ஆகஸ்டில் மாடுகள் கன்று போடத் தொடங்கினால் அக்டோபர் கடைசிவரை ஓய்வே கிடையாது. விடிகாலை நாலு மணிக்குக் கறவைக் கொட்டகைக்குள் போனால் வெளியே வரும்போது வெயில் ஏறியிருக்கும். இப்போது கொஞ்சம் தணிந்திருக்கிறது.

சாப்பாட்டைப் பற்றி அம்மா கவலைப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். அரிசி, பருப்பு, புளி எல்லாம் இன்வர்கார்கில்லில் கிடைக்கிறது, மாதம் ஒருமுறை போய் வாங்கி வருகிறேன். இந்தப் பக்கத்துப் பலகாரம் ஒன்று உண்டு, சீஸ் ரோல். துருவிய சீஸில் வெங்காய சூப் பொடியைக் கலந்து ரொட்டித் துண்டின் மேல் தடவி, பாய் சுருட்டுவதுபோல் சுருட்டிச் சுட்டு, மேலே வெண்ணெய் பூசித் தருவார்கள். குளிருக்கு நன்றாகத்தான் இருக்கும். இந்த ஊர் ட்ரவுட் மீனுக்குப் பேர்போனது. ஊர் நடுவே பெரிய ட்ரவுட் சிலை வைத்திருக்கிறார்கள். ஆனால் எந்தக் கடையிலும் ட்ரவுட் வாங்க முடியாது, விற்பது சட்டப்படி குற்றம். லைசன்ஸ் எடுத்துத் தானே பிடித்துத் தின்னலாம், இல்லையென்றால் பிடித்தவர் கொடுக்க வேண்டும். பக்கத்து வீட்டுத் தாத்தா கொடுப்பார். நான் புளி கரைத்துக் குழம்பு வைத்து அவருக்கும் ஒரு கிண்ணம் கொடுப்பேன்.

அந்தத் தாத்தாவைப் பற்றிப் போனில் சொல்லியிருக்கிறேன். காற்று பலமாக அடிக்கும் நாளில்தான் வாசல் புல்தரையில் தூண்டில் ராடோடு வந்து நிற்பார். கொக்கிக்குப் பதில் சிவப்புக் கம்பளி நூல் ஒரு துண்டு கட்டியிருக்கும். நாற்பதடி தள்ளி ஒரு தட்டை வைத்து, நூல் தட்டுக்குள் விழும்வரை வீசுவார். காற்றில்லாத நாளில் ஆற்றுக்கும் போகமாட்டார். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தால் மீன் நம்மைப் பார்த்துவிடும், அலை இருந்தால்தான் நாம் மறைவோம் என்பார். அவர் சொல்வது சரி. காற்றடிக்கிறது என்று வீட்டிலிருப்பவனுக்கு நல்ல மீன் தவறிப்போகும்.

பெரியவன் கேட்ட ஃப்ளை தூண்டில் ராடு விஷயத்தைப் போனில் சொன்னால் பாதியை மறந்துவிடுவான். அதனால்தான் எழுதுகிறேன். இனி வருவது அவனுக்கு. அவனையே படிக்கச் சொல்லுங்கள்.

பெரியவனே, எமரால்டு அணைக்கரையில் காற்றடித்தால் லைன் முகத்துக்கே திரும்பி வருகிறது, 8ஆம் நம்பர் ராடு அனுப்புங்கள் சித்தப்பா என்று எழுதியிருந்தாய். 8 வேண்டாம். உனக்கு 6 சரியாக இருக்கும்.

ராடின் நம்பர் அதன் பலத்தைச் சொல்வதில்லை. அது எந்த லைனை வீசும் என்பதைத்தான் சொல்கிறது. சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டு நூலை இழுத்துக்கொண்டு போகும். ஃப்ளையில் குண்டு கிடையாது, கொக்கியில் சுற்றிய இறகுதான். அதனால் லைனே கனமாக இருக்கவேண்டும். லைனின் முதல் 30 அடி எடையை வைத்துத்தான் நம்பர் போடுகிறார்கள். 5ஆம் நம்பர் 140 கிரெய்ன், அதாவது 9.1 கிராம். 6ஆம் நம்பர் 160 கிரெய்ன், 10.4 கிராம். 8 என்றால் 210 கிரெய்ன், 13.6 கிராம்.

கனமான லைன் காற்றைக் கிழிக்கும் என்று நீ எழுதியதும் பொய்யில்லை. லைனின் தடிமன் இரண்டு மடங்கானால் காற்று மோதும் பரப்பும் இரண்டு மடங்காகும், எடையோ நாலு மடங்காகும். ஆனால் 8ஆம் நம்பர் லைன் தண்ணீரில் தொப்பென்று விழும், அவலாஞ்சி ஓடையில் பக்கத்திலிருக்கும் மீனெல்லாம் ஓடிவிடும். ராடு விறைப்பு, ஃப்ளையைக் கட்டும் கடைசி மெல்லிய நூலான டிப்பெட்டோ 5X என்றால் 0.15 மில்லிமீட்டர் தடிமன்தான். மீன் திடீரென்று திரும்பினால் குருவி தலையில் பனங்காய் வைத்ததுபோல் ஆகி டிப்பெட் அறுந்துவிடும். நாள் முழுக்க வீசினால் உன் தோளும் தாங்காது. கடலில் மீன் பிடிக்கிறவனுக்கு 8 பொருந்தும். நம் ஓடைக்கும் அணைக்கும் சேர்த்து ஒரே ராடு என்றால் 6தான்.

நீளம் 9 அடி. 10 அடி ராடு லைனை உயரத் தூக்கும், ஆனால் நுனிக்கனம் கூடும், ராடே காற்றைப் பிடிக்கும், சாயங்காலம் மணிக்கட்டு வலிக்கும். 8 அடி என்றால் பின்னால் புல்லிலும் புதரிலும் கொக்கி மாட்டிக்கொண்டே இருக்கும்.

அடுத்து ராடின் வளைவு. நுனி மட்டும் வளைந்து சட்டென்று நிமிர்வதை ஃபாஸ்ட் என்பார்கள், பாதிவரை வளைவது மீடியம். காற்றுக்கு ஃபாஸ்ட்தான் என்று கடைக்காரர் எல்லாரும் ஒரே வாய்ப்பாடாகச் சொல்வார்கள். நன்றாக வீசத் தெரிந்தவனுக்கு அது உண்மை. ரொம்ப விறைத்த ராடு முப்பதடி லைனாவது வெளியே இருந்தால்தான் சரியாக வளையும். நீ இருபதடிதான் வீசுகிறாய். ராடு வளைவதே கைக்குத் தெரியாது, தெரியாததால் முரட்டுத்தனமாகத் தள்ளுவாய். தள்ளினால் நுனி கீழே முங்கி, காற்றில் மடங்கிப் போகும் லைனின் மேல்கால் கீழ்க்காலின் மேலே விழும். லைனுக்கும் ஃப்ளைக்கும் நடுவே கட்டும் மெல்லிய நூலான லீடரில் தானாக ஒரு முடிச்சு உட்கார்ந்துகொள்ளும். காற்று முடிச்சு என்று பேர் வைத்திருக்கிறார்கள், ஆனால் அதைப் போடுவது காற்றல்ல, நம் கைதான். அந்த முடிச்சோடு விட்டால் லீடரின் பலம் ஏறத்தாழ பாதி போய்விடும். காற்று நாளில் பத்து வீச்சுக்கு ஒருமுறை லீடரை விரலிடுக்கில் உருவிப் பார். தட்டுப்பட்டால் அவிழ்க்கப் பார்க்காதே, வெட்டிவிட்டுப் புது டிப்பெட் கட்டு.

ஆகையால் மீடியம்-ஃபாஸ்ட், 9 அடி, 6ஆம் நம்பர், நாலு துண்டு. கைப்பிடிக்கு மேலே சின்ன எழுத்தில் 906-4 என்று இருந்தால் அதுதான்: 9 அடி 0 அங்குலம், 6ஆம் நம்பர், 4 துண்டு.

ராடைவிட லைன் முக்கியம். கையில் கொஞ்சம் பணம்தான் இருக்கிறது என்றால் சுமாரான ராடில் நல்ல லைனைப் போடு, தலைகீழாகச் செய்யாதே. இரண்டு முனையும் ஒரே மாதிரி மெலியும் டபிள் டேப்பர் வேண்டாம். வெயிட் ஃபார்வர்ட், அதிலும் கனம் முன்பக்கம் திரண்டு, தலை குட்டையாக இருப்பதை வாங்கு. காற்றில் லீடரைத் திருப்பிப் போடுவது அந்த முன்கனம்தான். ராடு வளையவில்லை என்று ஒரு நம்பர் கூட்டி 7ஆம் நம்பர் லைன் போடச் சொல்வார்கள். கிட்டத்தில் அது உதவும். தூரம் வீசினால் ராடு அதிகம் வளைந்து லூப், அதாவது காற்றில் லைன் மடங்கிப் போகும் மடிப்பு, அகலமாகிவிடும், காற்றுக்கு அது ஆகாது. லைன் அழுக்கானாலும் ஓடாது. இளஞ்சூட்டுத் தண்ணீரில் கொஞ்சம் சோப்புக் கரைத்துத் துணியால் துடை.

லீடரையும் குட்டையாக்கு. அமைதியான நாளில் 12 அடி, காற்றில் ஏழரை. 5Xக்குப் பதில் 4X (0.18) அல்லது 3X (0.20). கொழுத்த இறகுள்ள பெரிய ஃப்ளை பம்பரம் மாதிரி சுற்றி டிப்பெட்டை முறுக்கிவிடும், காற்றில் சின்னதைக் கட்டு.

லூப்தான் உயிர். லைன் காற்றில் போகும்போது மேலும் கீழுமாக இரண்டு கால் தெரியுமே, அவற்றுக்கு நடுவே ஒன்றரை, இரண்டு அடிக்குள் இருக்கவேண்டும். குடை மாதிரி விரிந்தால் காற்று தூக்கிக்கொண்டு போய்விடும். லூப் சிறுக்க ஒரே வழி, மெதுவாகத் தொடங்கி வேகம் கூட்டி, சட்டென்று நிறுத்துவது. ஆணி அடிக்கும்போது சுத்தியல் நிற்பதுபோல் நிற்கவேண்டும். ராடு வேகமெடுக்கும் அதே நேரத்தில் இடக்கையால் லைனை ஒரு முழம் சுண்டி இழுத்தால் லைனின் வேகம் கூடும். முன்வீச்சிலும் பின்வீச்சிலும் இழுக்கப் பழகு. எந்த விலை ராடும் இதற்கு ஈடில்லை.

இனி காற்றின் திசை. எதிர்காற்று என்றால் பின்வீச்சை உயர்த்தி, முன்வீச்சைத் தாழ்த்தித் தண்ணீரை ஒட்டி விடு. தரையை ஒட்டிக் காற்றின் வேகம் எப்போதும் குறைவு. இங்கே மட்டௌரா ஆற்றில் மேல்நோக்கி நடப்பவனுக்கு வடமேற்குக் காற்று முகத்துக்கு நேரே வரும், எல்லாரும் இப்படித்தான் வீசுகிறார்கள். பின்காற்று சுலபம் என்று நினைக்காதே, பின்வீச்சு விரியாமல் சுருண்டு விழும். அதனால் பின்வீச்சைத் தாழ்த்திப் பலமாக விடு, முன்வீச்சை உயர்த்தினால் காற்றே கொண்டுபோகும். மிக ஆபத்தானது வலப்பக்கக் காற்று, கொக்கி உன் காதுக்கும் கண்ணுக்கும் வரும். ராடை இடத்தோளுக்கு மேல் சாய்த்து வீசு, இல்லையென்றால் தண்ணீருக்கு முதுகைக் காட்டி நின்று பின்வீச்சிலேயே ஃப்ளையை இறக்கு. கண்ணாடியும் தொப்பியும் இல்லாமல் காற்றில் நிற்காதே. கொக்கியின் முள்ளைக் குறடால் நசுக்கிவிடு.

நான் அனுப்பும் ராடு பழசு. புதிது வாங்கலாம் என்றுதான் போனேன், இது கைக்கு நன்றாக அமைந்தது. எப்படிப் பார்த்து எடுத்தேன் என்று தெரிந்துகொள், நாளைக்கு நீயும் பழசு வாங்கலாம். முதலில் நாலு துண்டையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தவேண்டும். நுனித்துண்டு மட்டும் இரண்டு விரல் குட்டை என்றால் நுனி ஒடிந்து, லைன் ஓடும் வளையத்தை மறுபடி ஒட்டியது, தொடாதே. பிறகு பஞ்சுருண்டையை ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் சுற்றவேண்டும். இழை மாட்டினால் வளையத்தில் கீறல், அது லைனை அறுக்கும். அதே பஞ்சைத் துண்டின் நீளத்துக்கும் தடவு, கார்பனில் வெடிப்பு இருந்தால் அங்கே பஞ்சு நிற்கும். துண்டோடு துண்டு செருகும் பொருத்து வாய்களைப் பெருவிரலால் லேசாக அழுத்து, கிறிச்சென்று சத்தம் வந்தால் வாய் பிளந்திருக்கிறது. கடைசியாகப் பூட்டி, ஒற்றைக் கண்ணால் கைப்பிடியிலிருந்து நுனிவரை பார். இதில் எல்லாம் நேராக இருந்தது.

பூட்டும்போது வளையங்கள் கால்பங்கு விலகியிருக்கும்படி செருகி, திருகி நேர்க்கோட்டுக்குக் கொண்டுவா. காற்றில் பலமாக வீசினால் பொருத்து தளரும், தளர்ந்ததைக் கவனிக்காமல் வீசினால்தான் வாய் பிளக்கிறது. அரைமணிக்கு ஒருமுறை தொட்டுப் பார். மணி கோத்த கனமான ஃப்ளையைப் பின்காற்றில் வீசாதே. மணி ராடில் பட்டால் அப்போது ஒன்றும் தெரியாது, அடுத்த மாதம் மீன் மாட்டும்போது அந்த இடத்தில் ஒடியும். இடி கேட்டால் ராடைக் கீழே போட்டுவிட்டு விலகிப் போ. கார்பனில் மின்சாரம் பாயும், மின்கம்பிக்கு அடியிலும் தூக்கிப் பிடிக்காதே. ரீல் இப்போதைக்கு உன்னிடம் இருப்பதே போதும், அதற்கு அப்புறம் பார்க்கலாம். மீன்வளத் துறையிலும் வனத்துறையிலும் கேட்காமல் ஓடைப்பக்கம் போகாதே.

அண்ணா, டிசம்பர் இரண்டாம் வாரம் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் ஊருக்கு வருகிறார். ராடு முக்கால் மீட்டர் குழாய்க்குள் இருக்கும், அவர் பெட்டியிலேயே கொண்டுவருவார். பெரியவன் காந்திபுரம் போய் வாங்கிக்கொள்ளட்டும். அண்ணிக்குச் சால்வை ஒன்று வைத்திருக்கிறேன். அம்மாவுக்குக் கம்பளி உறை, காலுக்கு.

தெற்குக் காற்று மழையோடு வந்தால் இந்தத் தகரக் கூரையில் நம் எமரால்டு வீட்டுச் சத்தமே கேட்கிறது அண்ணா. நேற்று ராத்திரி அப்படித்தான். தூக்கக் கலக்கத்தில், அம்மா டீயும் வர்க்கியும் எடுத்துக்கொண்டு வருவார்கள் என்று படுத்தே கிடந்தேன். அப்புறம் எழுந்து விளக்கைப் போட்டேன். கூட இருந்த இரண்டு பேரும் வேலை மாறிப் போய்விட்டார்கள், அறை அமைதியாகத்தான் இருக்கிறது.

அப்பாவின் கண் ஆபரேஷனைத் தை மாதத்துக்குத் தள்ள வேண்டாம். டாக்டர் சொன்ன தேதியிலேயே முடித்துவிடுங்கள். நான் பணத்தை இரண்டு தடவையாக அனுப்புகிறேன், இந்த மாதம் பாதி, மீதி டிசம்பர் 20க்குள். சீட்டுப் பணத்தை மட்டும் ஒரு மாதம் நீங்கள் கட்டுங்கள். பெரியப்பா வீட்டு எல்லைத் தகராறில் நீங்களாக எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். சர்வேயர் வந்து அளக்கட்டும், பட்டா நகலைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து எப்போது என்று எழுதவே இல்லையே? தாய்மாமன் சீரை என் பேரிலும் சேர்த்து வையுங்கள், கம்மல் மட்டும் நான் வாங்கியதாக இருக்கட்டும். சின்னவனை டியூஷன் விட்டு நிறுத்தாதீர்கள், அதற்கு நான் பொறுப்பு.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் நேரம் காலை எட்டு மணிக்குக் கூப்பிடுகிறேன். அம்மாவிடம் போனைக் கொடுக்கும்போது ஸ்பீக்கரில் போடாமல் கையில் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி