தேர் வீதித் திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். நான்கு தேர் வீதிகளையும் சுரண்டிப் புதிதாகப் போடும் பணி முடிந்துவிட்டது. வரவு செலவுக் கணக்கு தணிக்கையாளர் கையெழுத்தோடு தனியாக வரும். "பழைய தாரையே அடியில் போட்டு மூடிவிட்டார்களாமே" என்று பலர் கேட்டுவிட்டார்கள். அதனால் இந்த அறிக்கை பெரும்பாலும் அதைப் பற்றியதுதான்.

தார் மேல் தார் போட்டு வீதி உயர, கோபுர வாசல் பள்ளமாகி மழைத்தண்ணீர் உள்ளே வந்ததை எல்லோரும் பார்த்தோம். பழைய சாலையைச் சுரண்டிவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளர் உத்தரவே போட்டிருந்ததால், பேரூராட்சியில் அனுமதி கிடைப்பது சிரமமாக இல்லை. சுரண்டினால் அடித்தளமும் கெட்டிருந்தது. சரி, அதையும் தோண்டினோம். தார் ஒட்டிய ஜல்லி குவிந்தது. குளக்கரையில் கொட்டச் சிலர் யோசனை சொன்னார்கள், குழு ஒப்பவில்லை.

பழைய தார்ச் சாலையை மறுபடி பயன்படுத்த சாலைப் பணிக்குத் தர விதிகளை வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸ் 2015இலேயே ஐஆர்சி 120 என்ற வழிகாட்டியை வெளியிட்டிருக்கிறது. இருந்தாலும் நம் குவியல் எப்படிப்பட்டது என்று தெரியாமல் அள்ளிப்போட மனமில்லை. பொறியியல் கல்லூரி ஆய்வகத்துக்கு மூட்டைகள் போயின.

சலித்ததில் பொடி குறைவு என்று தெரிந்தது. பொடியெல்லாம் தாரோடு ஒட்டிக் கட்டியாகக் கிடந்ததுதான் காரணம். ஈரப்பதம் பார்க்க மண்ணைப் போல 110 டிகிரியில் உலர்த்தினால் தார் இளகிவிடும் என்று 60 டிகிரியில் நிதானமாக உலர்த்தினார்கள். அப்புறம் புது ஜல்லியோடு வெவ்வேறு விகிதத்தில் கலந்து, இறுக்கி, நான்கு நாள் தண்ணீரில் ஊறவைத்து சிபிஆர் சோதனை (இரும்புத் தண்டை அழுத்தி எவ்வளவு பாரம் தாங்குகிறது என்று பார்ப்பது). பழைய தார் ஜல்லி மட்டும் போட்ட அச்சு (அச்சில் இறுக்கிய மாதிரி) தேறவில்லை. புது ஜல்லி கூடக்கூடத் தாங்குதிறனும் கூடியது. பாதிக்குப் பாதி கலவை நன்றாகவே தேறியது.

அதோடு நிறுத்தியிருந்தால் தேர் விஷயத்தில் ஏமாந்திருப்போம். சிபிஆர் சோதனையில் பாரம் ஏறுவது சில நிமிடம்தான். நம் தேரோ ஓடுவது ஒருநாள், நிலையில் நிற்பது ஆண்டு முழுவதும். ஒரே இடத்தில் நிற்கும் பாரத்துக்குத் தார் மெல்ல மெல்ல இடம்கொடுக்கும்; சித்திரை வெயிலில் இன்னும் அதிகம். அச்சின் மேல் எடையை ஏற்றி அப்படியே விட்டுவைக்கச் சொன்னோம். தார் ஜல்லி அதிகமுள்ள அச்சுகள் நாள் போகப் போக அமிழ்ந்துகொண்டே இருந்தன. பாதிக்குப் பாதியில் அமிழ்வு குறைவு, ஆனால் முற்றிலும் நிற்கவில்லை.

ஆகவே, தேர் ஓடும் வீதிகளின் அடித்தளத்துக்குப் பாதிக்குப் பாதி கலவையும், பொடிப் பற்றாக்குறைக்குக் கிரஷர் பொடியும் போட்டோம். தேர்நிலையிலும், தேரைத் திருப்ப நிறுத்தும் நான்கு முக்குகளிலும் பழைய தார் ஜல்லி ஒரு கூடைகூடக் கிடையாது. முழுக்கப் புது வெட் மிக்ஸ் (ஜல்லியும் பொடியும் தண்ணீர் விட்டுக் கலந்தது), மேலே கான்கிரீட். செலவு கூடியது இதனால்தான். குழு இதில் பேரம் பேச விரும்பவில்லை.

ரோலர் ஓட்டியபின் வீதிதோறும் குழி தோண்டி, மணல் நிரப்பி அடர்த்தி பார்க்கப்பட்டது. ஆய்வகத்தில் கிடைத்த உச்ச அடர்த்தியில் 98 விழுக்காட்டுக்குக் குறைந்த இடங்களை ஒப்பந்ததாரர் முணுமுணுத்துக்கொண்டே மறுபடி உருட்டிக்கொடுத்தார்.

மிச்சக் குவியல் வடக்கு மதிலோரம் தார்ப்பாய்க்குள் இருக்கிறது. அது பேரூராட்சிச் சொத்து. வாசலில் கொட்டிக்கொள்ள யாரும் தள்ளுவண்டியோடு வர வேண்டாம்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு